இலக்கியக் கட்டுரை எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கட்டுரையை எழுதி முடித்தாயிற்று. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். படித்துப் பார்த்தால் ஏதோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. இந்த நிலையில் பெரும்பாலான மாணவர்கள் முதலில் எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். காலையில் ஒற்றுப் போட்டுச் செப்பனிட்ட பத்தியை மாலையில் மொத்தமாக நீக்க வேண்டி வந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். பாட்டைச் சரியாகப் படித்திருக்கிறோமா என்பது முதலில். அப்புறம் கட்டுரைக்கு ஒரு கருத்து இருக்கிறதா, அப்புறம் பத்தி, அப்புறம் வாக்கியம். ஒற்றும் எழுத்தும் அதற்கெல்லாம் பிறகு. கீழே உள்ள அறிகுறிகளையும் ஏறத்தாழ அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயன் இருக்காது என்பதால் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். குறுந்தொகை 40. பாடியவர் செம்புலப்பெயனீரார். மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் திருத்தியது இந்தப் பாட்டைப் பற்றியவற்றைத்தான். ஐந்தே அடி, எல்லாருக்கும் தெரிந்த உவமை, அதனால் எளிது என்று நினைத்து எடுக்கிறார்கள்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. கேளிர் என்றால் உறவினர். இந்த ஐந்து சொற்களும் தெளிவாக இருந்தால் மேலே போகலாம்.

அறிகுறி: கட்டுரை ஒன்று சொல்கிறது, பாட்டு வேறொன்று சொல்கிறது

இது இருந்தால் மற்ற எதையும் திருத்திப் பயனில்லை. ஆகவே இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

'தலைவி தன் காதலின் ஆழத்தைத் தலைவனிடம் எடுத்துரைக்கிறாள்' என்று தொடங்கும் கட்டுரைகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பாட்டில் பேசுவது தலைவி அல்ல, தலைவன். அச்சிட்ட குறுந்தொகையில் பாட்டை ஒட்டி ஒரு கூற்றுக் குறிப்பு, அதாவது யார், யாரிடம், எப்போது சொல்வது என்ற குறிப்பு, இருக்கும். மாணவர்கள் தாண்டிப் போகும் இடம் அதுதான். இந்தப் பாட்டுக்கு அது என்ன சொல்கிறது? இயற்கைப் புணர்ச்சிக்குப் பிறகு, அதாவது இருவரும் தாமாகவே சந்தித்து முதன்முதலாகக் கூடிய பிறகு, இவர் நம்மைப் பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவளிடம் தெரிந்த மாற்றத்தைக் கண்டு தலைவன் சொல்கிறான்.

இந்த ஒரு வரியைப் படித்ததும் பாட்டே வேறாகிவிடுகிறது பாருங்கள். பாட்டில் எங்கும் காதலை நேராகப் புகழும் சொல் இல்லை. பயந்து நிற்கும் ஒருத்திக்கு ஒருவன் உறுதி சொல்கிறான். அவள் மனத்தில் ஓடும் கேள்விகளை அவனே எடுத்து வைக்கிறான்: நம் தாய்மார் ஒருவருக்கொருவர் யார்? நம் தந்தையர் எந்த முறையில் உறவு? நாம் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம்? மூன்றுக்கும் 'ஒன்றுமில்லை' என்பதுதான் பதில். உறவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் அவன் எதைக் காட்டி உறுதி தருகிறான் என்பதுதான் கடைசி இரண்டடி: செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சங்கள் கலந்துவிட்டன.

சரிசெய்ய: கட்டுரையை மூடிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதுங்கள். யார் பேசுகிறார்? யாரிடம்? எந்த நேரத்தில்? அகப்பாட்டு என்றால் இந்த மூன்றும் இல்லாமல் ஓர் அடிகூட நகரக் கூடாது. புறப்பாட்டுக்கும் இப்படித்தான், அங்கே யாரைப் பாடியது, எந்தச் சூழலில் பாடியது என்று கேளுங்கள். சிறுகதை, நாவல் என்றால் கதையைச் சொல்பவர் யார், அவருக்குத் தெரியாதது என்ன என்று கேளுங்கள். எழுதிய மூன்று வரியையும் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியோடும் ஒட்டிப் பாருங்கள். முரண்படும் வாக்கியத்தைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

இதே நோய் இன்னொரு விதமாகவும் வரும். 'இப்பாடல் சாதி மறுப்புத் திருமணத்தை வலியுறுத்துகிறது' என்று எழுதுவார்கள். எழுதும் மாணவருக்கு அதில் உண்மையான அக்கறை இருக்கும், அதை மதிக்கிறேன். ஆனாலும் பாட்டு பேசுவது தாய், தந்தை, அறிமுகம் என்ற மூன்றைத்தான். 'முன் உறவு ஏதும் இல்லாதவர்கள் இணைகிறார்கள்' என்பதுவரை பாட்டு உங்களோடு வரும். அதற்கு மேல் போக வேண்டுமானால், 'இன்றைய வாசகருக்கு இது இப்படியும் படலாம்' என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள். புலவர் தலையில் ஏற்றாதீர்கள்.

அறிகுறி: முதல் பத்தியை எந்தக் கட்டுரையில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்கிறது

'சங்க இலக்கியம் தமிழர் வாழ்வியலைக் காட்டும் காலக்கண்ணாடி' என்று தொடங்கி, எட்டுத்தொகை, பத்துப்பாட்டுப் பட்டியல் போட்டு, குறுந்தொகையில் 401 பாட்டு என்று சொல்லி முடிக்கும் பத்தி. தகவல் தப்பில்லை. ஆனால் அதே பத்தி நற்றிணைக் கட்டுரைக்கும் ஐங்குறுநூற்றுக் கட்டுரைக்கும் எண்ணை மட்டும் மாற்றினால் பொருந்திவிடும்.

பெரும்பாலும் இது எழுதத் தொடங்கும்போது கை சூடேற்றிக்கொள்ள எழுதிய பத்தி. எழுதியதில் தவறில்லை, வைத்திருப்பதில்தான் தவறு. நீக்கிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். பத்தில் எட்டுக் கட்டுரை அங்கேதான் உண்மையில் தொடங்கும் என்பது என் அனுபவம். நூல் அறிமுகம் கட்டாயம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தால், உங்கள் கருத்துக்குத் தேவையான அறிமுகத்தை மட்டும் ஒரு வாக்கியத்தில் கொடுங்கள். இந்தப் பாட்டுக்கு என்றால், செம்புலப்பெயனீரார் என்ற பெயரே இந்த உவமையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லலாம். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார் என்று தம் பாட்டின் சொல்லாலேயே பெயர் பெற்றவர்கள் குறுந்தொகையில் வேறு சிலரும் இருக்கிறார்கள். ஓர் உவமை ஒரு மனிதருக்குப் பெயராகவே நின்றுவிட்டது என்றால் அந்த உவமையைப் பார்க்க வேண்டாமா? இப்படி ஒரு தொடக்கம் இந்தக் கட்டுரைக்கு மட்டும்தான் பொருந்தும்.

அறிகுறி: 'அதனால் என்ன சொல்ல வருகிறாய்?' என்று கேட்டால் பதில் இல்லை

கட்டுரையின் மையக் கருத்து 'குறுந்தொகை 40ஆம் பாட்டு காதலின் சிறப்பைக் கூறுகிறது' என்று இருந்தால் இந்தக் கேள்வி வரும். இதை யாரும் மறுக்கப் போவதில்லை. யாரும் மறுக்க முடியாததை நான்கு பக்கம் நிறுவவும் வேண்டியதில்லை.

நல்ல கருத்து பாட்டின் சொற்களிலிருந்துதான் கிடைக்கும். மேலே உள்ள ஐந்தடியை மறுபடி பாருங்கள். முதல் மூன்று அடியிலும் இரண்டிரண்டு பேர், தனித்தனியாக: யாய்–ஞாய், எந்தை–நுந்தை, யான்–நீ. 'என்', 'உன்' என்று பிரித்துப் பிரித்துத்தான் பேச்சு நடக்கிறது. நான்காம் அடியில் மழை வருகிறது. அதற்கப்புறம் யானும் இல்லை, நீயும் இல்லை. 'தாம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தால், மூன்றாம் அடியிலேயே 'அறிதும்' என்ற வினை தன்மைப் பன்மை. யானும் நீயும் எழுவாயில் தனித்தனியாக நிற்கிறார்கள், வினைக்கு வரும்போதே 'நாம்' ஆகிவிடுகிறார்கள்.

இதைக் கண்டபிறகு மையக் கருத்தை இப்படி எழுதலாம்:

'மூன்று அடிகளில் என், உன் என்று பிரித்துப் பேசிய தலைவன், உவமைக்குப் பிறகு அந்தச் சொற்களையே விட்டுவிடுகிறான். பிரிவுக்கு அஞ்சும் தலைவிக்கு அவன் தரும் உறுதி இந்தச் சொல்மாற்றத்தில்தான் இருக்கிறது.'

இதை ஒருவர் மறுக்கலாம். 'இல்லையே, உறுதி உவமையில்தானே இருக்கிறது' என்று வாதிடலாம். அப்படி வாதிட இடம் இருந்தால்தான் அது கருத்து. நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். 'ஆமாம்' என்று மட்டும் சொன்னால் இன்னும் தோண்ட வேண்டும். 'எப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்டால் கட்டுரை கிடைத்துவிட்டது.

அறிகுறி: கட்டுரை முழுக்கப் பொழிப்புரையாக இருக்கிறது

இரண்டு வண்ணப் பேனா எடுங்கள். பாட்டு சொல்வதைத் திருப்பிச் சொல்லும் வாக்கியங்களுக்குப் பச்சையில் அடிக்கோடு. நீங்கள் சொல்வதற்குச் சிவப்பில். பக்கம் முழுதும் பச்சையாக இருந்தால் பொழிப்புரைதான் எழுதியிருக்கிறீர்கள். முழுதும் சிவப்பாக இருந்தால் அதுவும் கோளாறு, பாட்டை விட்டு விலகிவிட்டீர்கள் என்று பொருள். பச்சை வாக்கியம் ஒவ்வொன்றையும் தொட்டு 'ஏன் இப்படி?' என்று ஒரு முறை கேளுங்கள். ஏன் தாயை முதலில் கேட்கிறான்? ஏன் மழைநீர், ஏன் ஆற்றுநீர் இல்லை? பதில் கிடைக்கும் இடத்தில் ஒரு சிவப்பு வாக்கியம் பிறக்கும். கிடைக்காத இடத்தில் பச்சையைச் சுருக்குங்கள்.

அறிகுறி: மேற்கோள் அநாதையாக நிற்கிறது

ஒரு மாணவர் எழுதிய பத்தி ஏறத்தாழ இப்படி இருந்தது:

'காதலர் மனம் ஒன்றுபட்டதைப் புலவர் அழகிய உவமை மூலம் விளக்குகிறார். "செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே" (குறுந். 40). மேலும் சங்க காலத்தில் மக்கள் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்.'

மேற்கோள் வந்தது, போய்விட்டது. அதைக் கையில் எடுத்து யாரும் பார்க்கவே இல்லை. 'அழகிய' என்ற சொல் எதையும் விளக்கவில்லை. 'மேலும்' என்ற சொல் அடுத்த வாக்கியத்தை இதோடு இணைப்பதுபோல் தெரிகிறது, ஆனால் இணைக்கவில்லை.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்தியபின் அது இப்படி ஆனது:

'செம்மண்ணில் விழும் மழைநீர் விழுந்த கணமே மண்ணின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது. அதன்பிறகு எது நீர், எது மண் என்று பிரித்துக் காட்ட முடிவதில்லை. "அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே" (குறுந். 40) என்ற அடியில் கலந்தன என்பது பன்மை வினை, ஆகவே நெஞ்சம் இரண்டு. ஆனால் அந்த இரண்டையும் நெஞ்சம் என்ற ஒரே சொல்தான் குறிக்கிறது. பிரிவை நினைத்து அஞ்சுபவளிடம், பிரிக்க முடியாத ஒன்றைக் காட்டுகிறான் தலைவன்.'

இதை எழுதும்போது அந்த மாணவர் ஒரு கேள்வி கேட்டார்: 'ஐயா, கலங்கிய நீரை அசையாமல் வைத்தால் மண் அடியில் படிந்துவிடுமே, அப்போது பிரிந்துவிட்டதாகத்தானே அர்த்தம்?' எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கட்டுரையில் அதற்கு ஓர் இடம் கொடுக்கச் சொன்னேன். தன் கருத்துக்கு எதிராகத் தானே ஒரு கேள்வி எழுப்பிப் பதில் தேடும் கட்டுரை படிப்பவரை உட்கார வைக்கும். படிந்த நீரும் மண்ணைத் தொட்டுக்கொண்டுதானே நிற்கிறது என்று அவர் எழுதியிருந்தார்.

மேற்கோளின் எழுத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பழைய பதிப்புகளில் சீர் பிரித்து 'தாங்கலந் தனவே' என்று இருக்கும். சந்தி பிரித்த பதிப்புகளில் 'தாம் கலந்தனவே' என்று இருக்கும். இரண்டில் எதையும் எடுக்கலாம், ஆனால் கட்டுரை முழுக்க ஒன்றே இருக்க வேண்டும். 'பெயனீர்' என்றோ 'பெயல் நீர்' என்றோ எழுதலாம். 'பெயநீர்' என்று இரண்டுங்கெட்டானாக எழுதினால் பிழை. இணையத்திலிருந்து ஒட்டிய பாட்டு என்றால் கட்டாயம் அச்சு நூலோடு வைத்துச் சரிபாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு பல நூலகங்களில் கிடைக்கும். அளவுகோலை அடியின் கீழே வைத்து, கடைசி அடியிலிருந்து மேல்நோக்கிப் படித்துவாருங்கள். முன்னிருந்து படித்தால் பாட்டு மனப்பாடமாக ஓடிவிடும், கண் பிழையைத் தாண்டிவிடும்.

அறிகுறி: 'எல்லா', 'அனைத்து', 'எப்போதும்' அடிக்கடி வருகிறது

'குறுந்தொகைப் பாடல்கள் அனைத்தும் 4 முதல் 8 அடி கொண்டவை.' பாடநூலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் 307ஆம் பாட்டும் 391ஆம் பாட்டும் 9 அடி. 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல் இந்த வாக்கியத்தைக் காப்பாற்றிவிடும். 'சங்க காலத்தில் எல்லாரும்' என்று தொடங்கும் வாக்கியங்களையும் இப்படியே தேடிப்பிடியுங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரு பாட்டு. அது ஒரு காலத்து மக்கள் அத்தனை பேருக்கும் சாட்சி சொல்லாது.

அறிகுறி: நடுவில் வேறொருவர் குரல் கேட்கிறது

'இருக்கிறது', 'சொல்கிறான்' என்று போய்க்கொண்டிருந்த நடை திடீரென்று 'நவில்கின்றார்', 'செப்புவதை உய்த்துணரலாம்' என்று மாறும். வழிகாட்டி நூலிலிருந்தோ இணையத்திலிருந்தோ அப்படியே இறங்கிய பத்தி அது. திருத்துபவருக்கு இது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். சொல்லை மட்டும் மாற்றி மறைக்க முயல வேண்டாம். அந்தப் பத்தியை மூடிவைத்துவிட்டு, அதில் உங்களுக்குப் புரிந்ததை ஒரு நண்பருக்குச் சொல்வதுபோல் வாயால் சொல்லுங்கள், அதை எழுதுங்கள். கருத்து அவருடையது என்றால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்வதால் மதிப்பெண் குறையாது. புரியவே இல்லை என்றால் அந்தப் பத்தி உங்கள் கட்டுரைக்கு வேண்டாம்.

அறிகுறி: வாக்கியம் முடியும்போது தொடக்கம் மறந்துபோகிறது

'இப்பாடலில் தலைவன் தலைவியிடம் நம் பெற்றோர் உறவினர் இல்லை என்றும் ஆனால் நம் நெஞ்சம் கலந்துவிட்டது என்றும் கூறுவதன் மூலம் காதலின் உயர்வு எடுத்துக்காட்டப்படுகிறது.'

தலைவன் எழுவாயாகக் கிளம்பினான், பாதிவழியில் காணாமல் போனான். முடிவில் யார் எடுத்துக்காட்டுகிறார் என்று தெரியவில்லை. 'மூலம்', 'படுகிறது' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் நின்று பாருங்கள். அனேகமாக அங்கே இப்படி ஒரு சிக்கல் இருக்கும். பிரித்து எழுதினால் சரியாகிவிடும்: 'நம் பெற்றோர் உறவினர் இல்லை என்கிறான் தலைவன். ஆனாலும் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான்.' காதலின் உயர்வு என்ற பகுதி தானாகவே உதிர்ந்துவிட்டது. அது இல்லாமல் ஒன்றும் குறையவும் இல்லை.

ஒருமை பன்மையில் மாணவர் கை அதிகம் வழுக்கும் இடங்கள் இவை: 'கேள்விகள் எழுகிறது' (எழுகின்றன), 'உவமைகள் அமைந்துள்ளது' (அமைந்துள்ளன), 'ஒவ்வொரு அடிகளும்' (ஒவ்வோர் அடியும்), 'செம்புலப்பெயனீரார் கூறுகின்றனர்' (கூறுகிறார்). 'உறவினர் அல்ல' என்பதைப் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். தேர்வுக் கட்டுரையில் 'உறவினர் அல்லர்', 'முல்லைப் பாட்டு அன்று' என்று எழுதுவது பாதுகாப்பு.

காலமும் ஒரே தடத்தில் போக வேண்டும். பாட்டுக்குள் நடப்பதற்கு நிகழ்காலம் பொருந்தும்: தலைவன் சொல்கிறான், தலைவி அஞ்சுகிறாள். வரலாற்றில் நடந்ததற்கு இறந்தகாலம்: பதிப்பித்தார், தொகுத்தார். ஒரே பத்தியில் 'கூறினான்', 'கூறுகிறான்', 'கூறுவான்' மூன்றும் இருந்தால் ஒன்றாக்குங்கள்.

அறிகுறி: ஒற்று எங்கே மிகும் என்று ஒவ்வொரு சொல்லிலும் தயக்கம்

இலக்கண நூல் முழுதையும் ஒரே இரவில் புரட்ட வேண்டாம். இலக்கியக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வருபவை சில இடங்கள்தான்.

எழுவாய்க்குப் பின்னால் மிகாது. 'தலைவிக் கூறுகிறாள்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 'தலைவி கூறுகிறாள்' என்பதே சரி. 'தோழி கூற்று', 'தலைவி கூற்று' என்பவற்றிலும் மிகாது. ஐ, கு என்ற உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும்: பாட்டைப் படித்தான், தலைவிக்குக் கூறினான். 'என்று கூறினான்' என்பதில் மிகாது, 'எனக் கூறினான்' என்பதில் மிகும். இந்த இரண்டையும் மட்டும் சரிசெய்தாலே கட்டுரையில் பாதிச் சிவப்பு மை குறைந்துவிடும். 'கேட்டுச் சொன்னான்' மிகும், 'வந்து சொன்னான்' மிகாது. 'சொன்ன சொல்', 'பெய்த புதுமழை' போன்ற பெயரெச்சங்களில் மிகாது. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும்: இந்தப் பாட்டு, எந்தத் துறை.

புறநானூற்றுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீரனுக்கு நட்ட கல் 'நடுகல்'. அது வினைத்தொகை, ஆகவே க் வராது. 'நடுக்கல்' என்று எழுதினால் நடுவில் உள்ள கல் என்று பொருளே மாறிவிடும். இறந்துபட்ட வீரனை நினைத்து எழுதும் பத்தியில் இந்தப் பிழை கண்ணை உறுத்தும்.

நாவி, வாணி போன்ற திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. நாவி சந்திப்பிழையைக் காட்டும், வாணி எழுத்துப்பிழையைக் காட்டும். கட்டுரையை ஒரு முறை அவற்றில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. காட்டும் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், ஏன் என்று ஒரு நொடி பாருங்கள். பழம்பாட்டு அடிகளை அவற்றில் போட வேண்டாம். பாட்டுக்கு அச்சு நூல்தான் சாட்சி.

அறிகுறி: திருத்தி ஒன்றும் காட்டவில்லை, ஆசிரியர் வட்டம் போடுகிறார்

இரண்டு சொல்லுமே தமிழில் இருந்தால் கருவி எதையும் பிழை என்று காட்டாமல் போகக்கூடும். திணை என்பது குறிஞ்சி, முல்லை என்ற பகுப்பு. தினை என்பது கொல்லையில் விளையும் தானியம். குறிஞ்சித் திணைக் கட்டுரையில் தினைப்புனமும் வரும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று இடம் மாற்றிக்கொள்ளும். துறை என்பது பாட்டின் சூழல், துரை என்பது வேறு. உரையாசிரியர் 'உறையாசிரியர்' ஆகிறார். உள்ளுறை 'உள்ளுரை' ஆகிறது. மனமும் மணமும் காதல் பாட்டுக் கட்டுரையில் இடம் மாறினால் பொருள் எங்கேயோ போய்விடும்.

இவற்றைப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, கணினியில் தேடும் வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். 'தினை' என்று தேடி, வரும் இடம் ஒவ்வொன்றிலும் தானியம்தானா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஔவையாரைப் பற்றி எழுதியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஔ ஓர் எழுத்து. பலர் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் சரியாகத் தட்டித் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. சந்தேகம் இருந்தால் சொல்லின் முன்னால் சுட்டியை வைத்து வலது அம்புக்குறியை ஒரு முறை அழுத்துங்கள். ஔ முழுதையும் ஒரே தாவலில் தாண்டினால் சரி. நடுவில் நின்றால் அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுங்கள். 'கௌ', 'சௌ' போன்றவற்றிலும் 'கெ', 'ள' என்று தனித்தனியாகத் தட்டும் இதே கோளாறு உண்டு.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பகுதி ஏதாவது இருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒப்படைக்கும் கோப்பு பி.டி.எஃப். ஆக இருப்பது நல்லது.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஏதோ இடிக்கிறது

அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். திரையில் வேண்டாம், மனத்துக்குள்ளும் வேண்டாம். ஓர் இரவு இடைவெளி விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மிகவும் நல்லது. அவருக்கு இலக்கியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கையில் பென்சில் இருக்கட்டும். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு. நாக்கு தடுக்கும் இடத்தில் ஒரு கோடு. எழுதியதை விட்டுவிட்டு வாய் தானாக வேறு சொல்லைச் சொல்லிவிட்ட இடத்தில் ஒரு வட்டம். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், கடைசிவரை படித்துவிடுங்கள்.

பிறகு கோடு போட்ட இடங்களுக்குத் திரும்பி வாருங்கள். மூச்சு வாங்கிய வாக்கியம் நீளமானது, இரண்டாக்குங்கள். நாக்கு தடுக்கிய இடத்தில் ஒரே ஓசையில் முடியும் சொற்கள் வரிசையாக நிற்கும், ஒன்றை மாற்றுங்கள். வட்டம் போட்ட இடத்தில் வாய் சொன்ன சொல்லையே எழுதுங்கள். பாட்டு வரும் இடத்தையும் சேர்த்துச் சத்தமாகப் படியுங்கள். செம்புலப் பெயனீர் போல என்று சொல்லிவிட்டு அடுத்து நீங்கள் எழுதிய வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கினால், அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.